ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர்

கடையில் பார்சலாகக் கிடைக்கும் கபாபை அதே மணத்தோடும் அதே முறுகலோடும் தன் வீட்டுப் புறவாசலில் செய்துகாட்டிவிட முடியும் என்று உறுதியாக நம்பி, அந்த நம்பிக்கையின் பொருட்டு ஒரு முழு விடுமுறை நாளையும், குடும்பத்தாரின் பசியையும், வீட்டிலுள்ள நல்ல பாத்திரங்களையும் பணயம் வைக்கும் ஆண்மகனை 'ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர்' என்று வகைப்படுத்தலாம். மாஸ்டர் என்பது தென்மாவட்டங்களில் புரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்று கடையையே நடத்திச்செல்லும் சமையல்காரருக்கு வழங்கும் பட்டம். கடையில் அது மாவு பிசைவதில் தொடங்கிப் பல ஆண்டு வியர்வைக்குப் பின் பிறரால் தரப்படுவது, வீட்டிலோ காலை ஒன்பது மணிக்குக் கைலியை மடித்துக்கட்டிய மறுகணமே தனக்குத்தானே சூட்டிக்கொள்ளப்படுவது. வாரத்தின் மற்ற ஆறு நாள்களில் கடுகு டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்பதே இவருக்குத் தெரியாது. ஏழாம் நாளில் அந்த டப்பா அங்கே இருப்பது தவறு என்றும், சமையலறை ஒழுங்காக அமைக்கப்படவில்லை என்றும் இவர் கருத்துத் தெரிவிப்பார்.

இவ்வினம் தமிழகமெங்கும் காணப்படினும், முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையோரத்தில், குறிப்பாகத் தாமிரபரணியின் தென்கரையில் திருச்செந்தூர்ச் சாலையில் அமைந்த ஆத்தூரில், இதற்கு வரலாற்றின் துணையும் வாய்த்திருக்கிறது. ஆத்தூர், கொடிக்கால் எனப்படும் வெற்றிலைத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். அகத்தியை நட்டு அதில் கொடியை ஏற்றி ஆற்றுநீரில் வளர்க்கப்படும் இவ்வூர் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் தனித்தன்மை அது விளையும் மண்ணைச் சார்ந்தது என்பதற்கான சட்டச் சான்று, வழங்கப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்திற்கு ஹொர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு கப்பல்கள் வந்ததையும், அங்குள்ளோர் ஓர் இலையை ஓயாமல் மென்றுகொண்டிருந்ததையும் ஒருசேரப் பதிவு செய்திருக்கிறார். அவர் கண்ட காயல், ஆத்தூருக்கு ஆற்றின் மறுபுறமுள்ள பழையகாயல் பகுதியே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். தெற்கே ஆறுமுகநேரியைத் தாண்டினால் வரும் காயல்பட்டினமும் அரபு வணிகத் தொடர்பால் வளர்ந்த ஊராதலால், அரபு நாட்டு உணவுக்கும் தனக்கும் இடையே பிறவித் தொடர்பு உண்டு என்று ஆத்தூர் மாஸ்டர் வாதிடுவதற்கு இத்தனை சான்றுகளும் போதுமானவையாகின்றன.

"அரபு நாட்டுக்காரனும் நாமளும் எழுநூறு வருசமா பழகுனவங்க. இந்தச் சாப்பாடு நம்ம ரத்தத்துலயே இருக்கு" என்று அவர் தொடங்கும்போது, "ரத்தத்துல இருக்கட்டுங்க, அடுப்படிக்குள்ள வர வேண்டாம்" என்று இல்லத்தரசி முடித்துவிடுவதால்தான், இவ்வினத்தின் செயற்களம் பெரும்பாலும் புறவாசலாகவோ மொட்டை மாடியாகவோ அமைந்துவிடுகிறது.

மாஸ்டரின் இலக்கைப் புரிந்துகொள்ள, கடைக் கபாபின் அமைப்பை அறிந்துகொள்வது இன்றியமையாதது. மெல்லிய இறைச்சித் துண்டுகளை ஒரு நெடுங்கம்பியில் அடுக்கடுக்காகக் குத்தி, அந்தக் கம்பியை நிமிர்த்தி நிறுத்தி, பக்கவாட்டில் எரியும் தீயின் முன் மெல்லச் சுழலவிட்டு, வெந்த வெளிப்புறத்தை மட்டும் கத்தியால் சீவியெடுக்கும் முறை, ஒட்டோமான் பேரரசில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. இஸ்தான்புல் தெருவில் இவ்வாறு இறைச்சி சீவப்படுவதை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1855இல் எடுத்த ஒளிப்படம் காட்டுகிறது. துருக்கியர் இதனை டோனர் என்றும் அரபு நாட்டார் ஷவர்மா என்றும் வழங்குவர். 1961இல் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி ஜெர்மனி சென்ற துருக்கியர், 1970களில் பெர்லினில் அதை ரொட்டிக்குள் வைத்துக் கையில் கொடுத்தனர். லெபனானிலிருந்து மெக்சிகோ சென்றோர் ஆட்டிறைச்சிக்கு மாறாகப் பன்றியிறைச்சியை அதே கம்பியில் ஏற்றினர். வளைகுடாவுக்குப் பிழைக்கச் சென்ற மலையாளிகளும் தமிழரும் அதனைக் கோழியோடும் மயோனைசோடும் ஊருக்குக் கொண்டுவந்தனர்.

நிமிர்ந்து நிற்கும் கம்பியில் இரண்டு நுட்பங்கள் அடங்கியுள்ளன. தீ கீழே இல்லாமல் பக்கத்தில் இருப்பதால், உருகும் கொழுப்பு நெருப்பில் சொட்டிப் புகையாகாமல் இறைச்சியின் மேலேயே வழிந்து அதனை நனைக்கிறது. வெந்த மேற்படலம் மட்டுமே சீவப்படுவதால், வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு சீவலுக்கும் ஒருபுறம் முறுகலும் மறுபுறம் மென்மையும் அமைகின்றன. ஆனால் இந்த ஏற்பாடு இடைவிடாத கூட்டத்தை நம்பி நிற்பது. சீவச் சீவ அடுத்த படலம் தீயைக் காணவேண்டும், அது வேக வேக வாங்குவதற்கு ஆள் வந்துகொண்டேயிருக்க வேண்டும். நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் இத்தகைய கூட்டமாக ஒருபோதும் ஆகாது என்னும் எளிய உண்மையே மாஸ்டரின் கண்ணுக்கு இறுதிவரை புலப்படாமல் இருப்பது.

இம்முயற்சிக்கு அறவழிப்பட்ட ஒரு நியாயமும் அண்மைக் காலத்தில் கிடைத்திருக்கிறது. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரிலும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஷவர்மா உண்ட மாணவியர் இறந்ததையடுத்து, கேரளத்திலும் தமிழகத்திலும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் கடைகளைச் சோதனையிட்டனர். பச்சை முட்டையால் செய்யப்படும் மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. துயரமான இச்செய்திகள் பல குடும்பங்களைக் கடைவாசலிலிருந்து திருப்பியனுப்பியது இயல்பே; அவை மாஸ்டரைக் கடைவாசலிலிருந்து திருப்பியதோடு நில்லாமல் மிக்ஸியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தின என்பதே இங்குக் கருதத்தக்கது. "வீட்டுல செஞ்சா எல்லாம் சுத்தம்" என்று முழங்கியபடியே, அத்தடைக்குக் காரணமான அதே பச்சை முட்டையை மிக்ஸியில் உடைத்து ஊற்றுபவரும் இவரே. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இறைச்சியில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும் என்பதால், ஊறும் கறியைக் குளிர்பெட்டிக்குள் வைப்பதே முறை; மாஸ்டரோ தூத்துக்குடிக் கோடையின் நடுப்பகலில் அதனைத் திண்ணைமேல் வைத்துவிட்டு, தூய்மையைப் பற்றிய காணொளி ஒன்றை முழுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவ்வினத்துள் மூன்று உட்பிரிவுகள் உள்ளன. முதலாமவர் வளைகுடா மாஸ்டர். ஜித்தாவிலோ தம்மாமிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவராகிய இவருக்குச் செய்முறை தெரியாது, ஆனால் சுவை தெரியும் என்பதால், யார் எதைச் செய்து கொடுத்தாலும் ஒரு துண்டைக் கடித்து, கண்களை மூடி, "அங்க உள்ளது மாதிரி வரல" என்று கூறுவதைத் தம் கடமையாகக் கொண்டிருப்பார். இரண்டாமவர் கைப்பேசி மாஸ்டர். இவருக்குச் சுவை தெரியாது, ஆனால் லாகூரிலிருந்து லண்டன்வரை எல்லாச் செய்முறைகளும் தெரியும் என்பதால், எண்ணெய் கருகிக்கொண்டிருக்கும் வேளையில் காணொளியைப் பத்து நொடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருப்பார். மூன்றாமவர் கணக்கு மாஸ்டர்; கடையில் ஒரு சுருளுக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டில் மூன்று சுருள் செய்யலாம் என்று தாளில் எழுதி நிறுவும் இவருடைய கணக்கில், கோழியின் விலை இருக்கும், குப்பூஸ் எனப்படும் அரபு ரொட்டியின் விலை இருக்கும், எரிவாயுவும் கரியும் அலுமினியத் தாளும் நெளிந்துபோன தோசைக் கரண்டியும் மட்டும் இரா. இம்மூவரும் ஒரே உடலில் கூடிவருவதும் உண்டு. அத்தகைய வீடுகளில் குழந்தைகள் ஞாயிறு காலையிலேயே பக்கத்து வீட்டுக்கு விளையாடச் சென்றுவிடுகின்றனர்.

ஆயத்தப் பணிகள் சனிக்கிழமை மாலையே தொடங்குகின்றன. எலும்பு நீக்கிய தொடைக்கறியே ஏற்றது என்பதும், நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவாதலால் அது தீயில் விரைவில் வறண்டுவிடும் என்பதும் இவர் அறிந்தவையே, ஆனால் கறிக்கடைக்காரரிடம் அதை விளக்கும்போது, "அண்ணாச்சி, கோழி எடுக்கியளா, பாடம் எடுக்கியளா?" என்னும் மறுமொழியைக் கேட்டுவிட்டு, வெட்டிக் கொடுத்ததை வாங்கிவருவார். தயிர், எலுமிச்சைச் சாறு, பூண்டு, சீரகம், மல்லி, மிளகு ஆகியவற்றோடு கறி ஊறவைக்கப்படும். இவற்றுள் தயிரும் எலுமிச்சையும் புளிப்பால் கறியின் மேற்பரப்பை இளக்குவன. உப்பு ஒன்றே உள்ளே இறங்குவது. ஆறுமுகநேரி உப்பளங்களுக்கு இத்துணை அருகில் வாழ்ந்தும், எல்லா மசாலாவையும் இட்ட மாஸ்டர் மறந்துவிடும் பொருள் பெரும்பாலும் உப்பாகவே இருக்கும். இரவு பதினொரு மணிக்கு யாரும் அறியாமல் அதனைச் சேர்த்துக் கலக்கிவைப்பவர் அவருடைய தாயாராக இருப்பார்.

கருவிகளைப் பொறுத்தவரை, மாஸ்டர் வாங்குவதைவிடக் கண்டுபிடிப்பதையே விரும்புவார். நெடுங்கம்பிக்கு மாற்றாக ஒரு பெரிய வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, அதில் மூங்கில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு, கறியை அடுக்கி, ஓவன் எனப்படும் கனலடுப்பில் வைப்பது காணொளிகளில் பரவலாகக் காணப்படும் முறை. அடுப்புச் சூட்டில் வெங்காயம் வெந்து தளர்ந்ததும் கோபுரம் ஒருபுறமாகச் சாய்ந்து படுத்துவிடுவது காணொளிகளில் காணப்படாத முறை. கனலடுப்பு இல்லாதவர் பழைய சைக்கிளின் ஆரக்கம்பிகளைக் கழற்றிக் கூர்தீட்டுவர். அவற்றின்மேல் உள்ள உலோகப் பூச்சு தீயில் ஏறும்போது உணவுக்கு உகந்ததன்று என்று யாரேனும் எடுத்துச்சொன்னால், அதற்காகவே அவற்றை வேப்பிலை போட்டுக் கழுவியதாகப் பதில் வரும். எரிபொருளுக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கினால் புகை குறைந்து நின்று எரியும் கனல் கிடைக்கும். மாஸ்டருக்கோ கரியாகும்வரை காத்திருக்கப் பொறுமையிராது என்பதால், சிரட்டையை அப்படியே கொளுத்தி, மேசை மின்விசிறியைத் தரையில் வைத்து ஊதவிட, எழும் கரும்புகை கொடிக்கால்வரை சென்று சேரும். "ஏ அண்ணாச்சி, என்னத்தப் போட்டு எரிக்கிய? டயரா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும், "கபாபு!" என்று இங்கிருந்து பெருமிதத்தோடு விடை செல்லும், சற்று நேர அமைதிக்குப் பின் அங்கே சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும்.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணியளவில், மாஸ்டர் தனி மனிதராக இருப்பதிலிருந்து ஒரு நிறுவனமாக மாறிவிடுகிறார். ஒருவர் விசிறவும், ஒருவர் கிண்ணம் நீட்டவும், ஒருவர் எலுமிச்சை பிழியவும், ஒருவர் கைப்பேசியைக் கறைபடாமல் பிடித்திருக்கவும் ஏவப்படுவர். கம்பியைத் திருப்புதல் என்னும் ஒரே வேலையைத் தலைவர் தம்மிடமே வைத்துக்கொள்வார். கிடையாக வைத்த கம்பியிலிருந்து கொழுப்பு நேரே கனலில் சொட்டுவதால் தீ எழும்பி, கறியின் வெளிப்புறம் கரியாகவும் உட்புறம் இளஞ்சிவப்பாகவும் இருக்கும் ஒரு நிலை தோன்றும். கோழியின் உட்பகுதி 74 பாகை செல்சியசை எட்டினால்தான் அதை வெந்ததாகக் கொள்ளவேண்டும் என்பது உணவியலார் வகுத்த அளவு. மாஸ்டரிடம் வெப்பமானி இல்லையாதலால், தென்னை ஈர்க்கால் குத்திப்பார்த்து, "இன்னும் அஞ்சே நிமிசம்" என்று அறிவிப்பார். இந்த ஐந்து நிமிடம் கடிகாரத்தைச் சாராத ஓர் அலகு. பன்னிரண்டரைக்குச் சொன்னதும் இரண்டேகாலுக்குச் சொன்னதும் ஒரே ஐந்து நிமிடமேயாகும்.

இரண்டரை மணிக்கு உணவு பரிமாறப்படுகிறது. கருகியதைச் சுரண்டி நீக்கி, வேகாததை மீண்டும் சட்டியில் வதக்கி, குப்பூசுக்கு மாற்றாகக் காலையில் மிஞ்சிய சப்பாத்தியில் சுருட்டித் தரப்படும் அதனைக் குடும்பத்தார் உண்ணும்போது, மாஸ்டர் தாம் உண்ணாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கடையில் பணம் கொடுத்து வாங்கியவர் எதுவும் பேசாமல் தின்றுவிட்டுப் போகலாம். வீட்டில் தின்பவர் கருத்துச் சொல்லியே தீரவேண்டும் என்பதே கடைக் கபாபுக்கும் வீட்டுக் கபாபுக்கும் உள்ள விலை வேறுபாடு. "கடையில வாங்குன மாதிரியே இருக்குப்பா" என்று பயிற்சி பெற்ற பிள்ளைகள் கூறுவர். வெற்றிலையைக் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவத் தொடங்கும் முன்னரே இரண்டு துண்டுகளை மென்று முடித்துவிட்ட தாயார், "கறி நல்லாத்தான் இருக்குய்யா" என்று மனமாரப் பாராட்டிவிட்டு, "சோறு எப்போ?" என்று கேட்பார்.

இவ்வினாவுக்கு விடை வீட்டில் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கிறது என்பது ஆய்வாளர் கவனிக்கவேண்டிய செய்தி. காலை பத்து மணிக்கே, புறவாசலில் மின்விசிறி சுழலத் தொடங்கிய ஓசையைக் கேட்டதும், இல்லத்தரசி சோறு வடித்து, மிளகு ரசம் கூட்டி, ஓர் அப்பளக் கட்டையும் எடுத்துவைத்து, எல்லாவற்றையும் மூடிவைத்திருப்பார். அவர் இதை அறிவிப்பதில்லை. மாஸ்டரும் இதைக் காண்பதில்லை. மூன்று மணிக்கு ரசச் சட்டி காலியாகிறது. தட்டுகள் வெறுமையாக இருப்பதைக் கண்ட மாஸ்டர், அதனைத் தம் கபாபுக்குக் கிடைத்த வரவேற்பாகக் கணக்கில் எழுதிக்கொண்டு, கரிப்பிடித்த சட்டிகளைத் தேய்க்கும் பொறுப்பை இயற்கையிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கச் செல்கிறார்.

கடைக் கபாபின் சுவை அந்த வீட்டிற்கு உண்மையில் வந்துசேர்வது மறுநாள் காலையில்தான். கைப்பேசி மாஸ்டர்கள் சிலர் பின்பற்றும் மற்றொரு முறை இதற்கு வழிசெய்கிறது. இங்கிலாந்தின் பார்சல் கடைகளில் விற்கப்படும் டோனர் பெரும்பாலும் அரைத்த ஆட்டிறைச்சியை அழுத்திச் செய்ததாதலால், அதனைப் பின்பற்றி, ஒரு கிலோ கொத்துக்கறிக்கு ஏறத்தாழ 15 கிராம் உப்பும் மசாலாவும் சேர்த்துப் பிசைந்து, அலுமினியத் தாளில் இறுகச் சுருட்டி, இட்லிக் கொப்பரையில் அவித்தெடுப்பர். உப்பும் பிசைதலும் சேர்ந்து தசையிலுள்ள மயோசின் என்னும் புரதத்தை வெளிக்கொணர, அது பசையாகிக் கறியை ஒட்டவைக்கிறது. வெந்து ஆறிக் குளிர்ந்தபின் கொழுப்பும் உறைவதால் உருளை கெட்டிப்படுகிறது. ஞாயிறன்று மாஸ்டர் அதனைச் சூட்டோடு சீவ முற்படுவதால் அது பொடிந்து உதிர்ந்து பொரியலாகிவிடுகிறது. பாதி உருளை மனச்சோர்வோடு குளிர்பெட்டிக்குள் தள்ளப்படுகிறது.

திங்கள் காலையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு என்ன கட்டிக்கொடுப்பது என்று தேடும் இல்லத்தரசி, அந்தப் பாதி உருளையை எடுத்து, அரிவாள்மணையில் தாள்தாளாக அரிந்து, நன்கு காய்ந்த தோசைக்கல்லில் ஒருபுறம் மட்டும் முறுகவிட்டு, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் சப்பாத்தியில் சுருட்டிவிடுகிறார். குளிர்ந்து இறுகியதால் சீவல் மெலிகிறது; காய்ந்த கல் நேரே தொடுவதால் ஒருபுறம் மொறுமொறுக்கிறது; மறுபுறம் இளகியே இருக்கிறது. நிமிர்ந்த கம்பியும் பக்கத்துத் தீயும் இடைவிடாத கூட்டமும் சேர்ந்து செய்யும் அதே வேலையை, பள்ளி வண்டி வருவதற்குள் ஒரு தோசைக்கல் செய்து முடிக்கிறது. இதற்குப் புகை இல்லை, உதவியாளர் இல்லை, கைப்பேசி இல்லை. செய்தவருக்குப் பட்டமும் இல்லை.

மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகள், டிபன் டப்பாவைத் திறந்ததும் வகுப்பே கூடிவிட்டதாகவும், எந்தக் கடையில் வாங்கியது என்று நண்பர்கள் கேட்டதாகவும் தெரிவிப்பர். மாஸ்டர் இதனைப் பெருமூச்சோடும் பெருந்தன்மையோடும் ஏற்றுக்கொண்டு, "நேத்து நான் ஏத்துன மசாலா இன்னைக்குத்தான் முழுசா ஊறியிருக்கு" என்று விளக்குவார். இவ்விளக்கத்தை வீட்டில் எவரும் மறுப்பதில்லை. மறுத்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதனை நிறுவிக்காட்ட அவர் முற்படுவார் என்பது அனைவருக்கும் தெரியும்.